குறுக்கே தட்டாதீங்க

என்னங்க,

பகல்லயே அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன். சாப்பாடு மேஜையில மூடி வச்சிருக்கு.

நேத்து உங்க பழைய கம்ப்யூட்டரை டெலிபோன் லைன்ல மாட்டி மக அவ ஊர்லேர்ந்து எழுத எழுதப் படிச்சுக்கிட்டிருந்தீங்க. நான் மறந்துபோய் அதே லைன்ல இருக்கிற சமையலறை போனை எடுத்துட்டேன், லைன் அறுந்துடுச்சு. ஒரு வருஷமா உங்ககூடப் பேசாம இருந்து "அப்பா, எனக்கு"ன்னு ஆரம்பிச்சவ அதோட நின்னா. நீங்க திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

காலையில அவகிட்டப் பேசினேன். நாலு மணிக்கு மறுபடி கம்ப்யூட்டர்ல வருவா. சமையலறை போனைத் துண்டால கட்டிப் போட்டிருக்கேன்.

பி.கு: "அப்பா கோபமா?"ன்னா. "விடிஞ்சதுலேர்ந்து கீபோர்டைத் துடைக்கிறார்"னேன். சிரிச்சா.

இன்னொண்ணு. அவ முடிக்கிறவரை ஒரு எழுத்துகூடத் தட்டாதீங்க. போன்ல பேசினா நீங்க பேசவே விடமாட்டீங்கன்னுதான் பிள்ளை எழுதுறா.