பொம்மனஹள்ளிக்கு வந்த டீசல் பம்ப்

எர்சுரும், துருக்கி
18-9-1999

அன்பு மனைவி தமயந்திக்கு இராஜமாணிக்கம் எழுதுவது. நான் நலம். நீயும் தீபிகாவும் நலமாக இருக்க நம் முனீஸ்வரனை வேண்டுகிறேன்.

நான் நலமே தவிர, வண்டி நலமில்லை. ஈரானில் கப்பலைவிட்டு இறக்கியதிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்ட வண்டி, இந்த ஊருக்கு முன்னால் ஒரு மேட்டில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டீசல் பம்ப் போச்சு. மனிதனுக்கு நெஞ்சு நின்றால் எப்படியோ அப்படி. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி என்று ஒரு வீட்டையே உள்ளே வைத்திருக்கிற வண்டியை ஒரு லாரிக்காரர் இழுத்துவந்து, தன் அண்ணனின் டீக்கடைக்குப் பின்னால் விட்டார். என்னை டிரைவராகக் கூட்டிவந்த ஜெர்மன் கிழவரும் கிழவியும் மூன்றாம் நாளே விமானம் ஏறிவிட்டார்கள். பம்ப் வாங்கி அனுப்புகிறேன் என்று கிழவர் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்களும் அவர்களோடு போயிருக்கலாமே என்பாய். முடியாது. எல்லையில் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதால், வண்டியை என் பாஸ்போர்ட்டில் எழுதி முத்திரை குத்திவிட்டார்கள். இங்கே சட்டம் அப்படி. வண்டி வெளியே போனால்தான் நானும் வெளியே போகலாம். இல்லையென்றால் வண்டி விலைக்கு மேல் வரி கட்டவேண்டும். அதற்கு எனக்கு வழியுமில்லை, கிழவருக்கு மனமுமில்லை.

போகட்டும். பம்ப் வந்தால் ஒருநாள் வேலை. தைக்குள் வந்துவிடுவேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு மாறாது. தீபிகாவை அக்கா மகன் முகேஷுக்குத் தையில் முடிக்கிறோம். முறை மாப்பிள்ளை இருக்கும்போது பெண்ணுக்குப் படிப்பு எதற்கு? நீயும் கார்மெண்ட்ஸ் வேலை, அது இது என்று வாசல் தாண்டாதே. ஆள் ஊரில் இல்லை என்று துள்ளினால் வந்து என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அன்புடன்,
இராஜமாணிக்கம்


பொம்மனஹள்ளி, பெங்களூர்
11-10-1999

அன்பும் மரியாதையும் உள்ள கணவருக்கு தமயந்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு அடிக்கடி கடிதம் போடவும்.

நீங்கள் கிளம்புவதற்கு முன்தினம் உடைந்த என் இடது கைக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. முழங்கை சற்றுக் கோணல்தான், ஆனாலும் குடம் தூக்க வருகிறது. எப்படி உடைந்தது என்று டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். மாடிப்படியில் விழுந்தேன் என்றேன். நம் வீட்டில் மாடியே இல்லை என்பது அவருக்குத் தெரியாது, நல்லவேளை.

உங்கள் அக்கா, அண்ணி, மகனோடு வந்திருந்தார். தீபிகாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வேல செஞ்ச கையா தெரியலயே” என்றார். “பரவால்ல, பழக்கிக்கலாம்” என்று தாமே சமாதானமும் சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளை ஆட்டோவைவிட்டு இறங்கவில்லை. இறங்கி நிற்கும் நிலையில் அவன் இல்லை. அப்போது காலைப் பலகாரம்கூட ஆகவில்லை.

இன்னொரு சேதி, கோபப்படக் கூடாது. தீபிகா பி.யு.சி. வகுப்புக்கு மறுபடி போகிறாள். அவள் புத்தகங்களைத்தான் நீங்கள் கொளுத்திவிட்டீர்களே, சிநேகிதி மௌரீனின் புத்தகத்தில் பங்கு போட்டுப் படிக்கிறாள். வீட்டில் இருந்தால் ஓயாமல் அழுகிறாள் என்றுதான் அனுப்பினேன். நீங்கள் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

பம்ப் சீக்கிரம் வர விவேக் நகர் குழந்தை ஏசுவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நம் முனீஸ்வரன் அவ்வளவு தூரம் வருவாரோ மாட்டாரோ.

இப்படிக்கு உங்கள்,
தமயந்தி


எர்சுரும்
14-11-1999

தமயந்திக்கு,

இங்கே பனி இறங்கிவிட்டது. பம்ப் வரவில்லையே என்று டீக்கடைக்காரர் போனிலிருந்து கிழவரைக் கூப்பிட்டேன். அனுப்பி வெகுநாள் ஆயிற்று என்கிறார். எங்கே அனுப்பினீர் என்றால், நீ எழுதிக்கொடுத்த விலாசத்துக்கு என்கிறார்!

விமான நிலையத்தில் அவசரத்தில் ஒரு தாளை நீட்டி அட்ரஸ் எழுது என்றார். ரேஷன் கார்டு முதல் லைசென்ஸ் வரை எதை நீட்டினாலும் எழுதுகிற மாதிரி, நிரந்தர விலாசம், பொம்மனஹள்ளி, பெங்களூர்-68 என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். அட்ரஸ் என்றால் நமக்கு வேறென்ன எழுதத் தெரியும்? டீக்கடைக்குப் பின்னால் நிற்பதை ஒரு விலாசமாகவே நான் நினைக்கவில்லை. இன்னொரு பம்ப் வாங்க மாட்டேன் என்கிறார் கிழவர். கிழவி படுக்கையில் விழுந்துவிட்டாளாம், இனி அந்த வண்டியே வேண்டாமாம். இந்த மாடலுக்கு இங்கே எந்தக் கடையிலும் பம்ப் இல்லை.

ஆகவே பார்சல் வந்த நிமிஷமே மெக்கானிக் கிருஷ்ணப்பா ஷெட்டில் கொடு. ஏர் பார்சலில் போட அவனுக்குத் தெரியும்.

யாரைக் கேட்டு அவளைக் காலேஜுக்கு அனுப்பினாய்? இடது கைதானே கோணல், வலது கை நேராகத்தானே இருக்கிறது? அதையும் நினைத்துக்கொண்டு நட.

இராஜமாணிக்கம்


பொம்மனஹள்ளி
9-12-1999

அன்புள்ள கணவருக்கு தமயந்தி எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே பார்சல் வந்துவிட்டது. என்னவென்று தெரியாமல் கிருஷ்ணப்பாவிடம்தான் தூக்கிக்கொண்டு போனேன். பிரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “அய்யோ பாப, இது இல்லாம ராஜமாணிக்கா அங்க என்னம்மா பண்ணுவான்? கொடு, இன்னிக்கே ஏர்ல போட்டுடறேன்” என்றார். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிவந்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெருக்கும்போது நகர்த்திவிட்டுப் பெருக்குகிறேன். இத்தனை சின்னச் சாமான் இல்லாமல் உங்களைப்போன்ற ஆள் ஓரிடத்தில் அடங்கிக் கிடக்கிறார் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. மன்னிக்கவும், சிரித்தேன்.

அண்ணிக்கு நீங்களே சொல்லுங்கள். கல்யாணம் இல்லை, தீபிகா படிக்கட்டும் என்று. அண்ணி இந்த வீட்டுக்கு வந்து தம் வாயால் அதை என்னிடம் சொல்கிற அன்று பம்ப் உங்களுக்குக் கிளம்பும். இது சத்தியம். உங்களைப்போல் நான் சத்தியத்தை மீறிப் பழகியவள் இல்லை.

இந்த மாதம் முதல் கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறேன். வெளியே போக வழியில்லாத இடத்தில் இருப்பது முதலில்தான் கஷ்டமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். எனக்குப் பழகியதே.

தமயந்தி


எர்சுரும்
5-1-2000

என் கண்ணான தமயந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்து நெருப்பில் போட்டேன். பிறகு, அதுவாவது ஒரு நிமிஷம் சூடு தந்ததே என்று அழுதேன். அடுப்பு காஸ் தீர்ந்துவிட்டது. வண்டிக்குள் இருந்த கட்டில் பலகைகளைப் பிளந்து டீக்கடைக்காரர் கொடுத்த தகர டின்னில் எரிக்கிறேன். இடது கால் விரல் இரண்டு கறுத்துப்போய், ஆஸ்பத்திரியில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் ரொட்டி போடுகிறார். அவர் பெண்சாதி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நீ சொன்னபடியே அக்காவிடம் போனில் பேசிவிட்டேன். கல்யாணம் இல்லை என்றேன். அக்கா அழுதாள், இருந்தாலும் உன்னிடம் வந்து சொல்வாள். தீபிகா டாக்டருக்கு வேண்டுமானாலும் படிக்கட்டும். இனி உன்மேல் ஓங்கினால் இந்தக் கை அழுகிப்போகட்டும். நம் மகள் தலையில் கைவைத்த மாதிரி சொல்கிறேன்.

பம்பை அனுப்பு. உன் காலில் விழுகிறேன் அம்மா.

உன்,
மாணிக்கம்


பொம்மனஹள்ளி
3-2-2000

இராஜமாணிக்கத்துக்கு,

அண்ணி வந்தார். நானும் பம்பை அட்டைப்பெட்டியில் கட்டித் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அவர் வந்தது பித்தளைத் தட்டோடு. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், அரக்குப் பட்டுப்புடவை.

பெருமை வந்துவிட்டால் உங்கள் அக்கா வாய்க்குப் பூட்டு ஏது? “தம்பி போன்ல எல்லாம் சொல்லிச்சு. ‘அவகிட்ட நான் எழுதுறதெல்லாம் பம்ப் கைக்கு வர்ற வரைக்கும்தான்க்கா. நீ தட்ட வெச்சு உறுதி பண்ணிடு. நான் வந்து அவ கால ஒடிச்சு மூலைல போட்டுட்டு முகூர்த்தம் பாக்கறேன்’னுச்சு. ஆம்பள சொல் அதுதான்டி. நீ ஏன் வீம்பு புடிக்கற?” என்றார்.

தீபிகா அடுப்படியில் நின்று கேட்டாள். அப்பா விரல் போச்சே, அனுப்பிடும்மா என்று இத்தனை நாளும் என்னை அரித்தவள் அவள். இந்த வீட்டில் உங்களுக்காக அழுத ஒரே ஆள் அவள்தான். அவளே அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் சம்மட்டி வாங்கி வந்தாள். நான் தடுக்கவில்லை. அவள் அடித்துக் களைத்ததும் சம்மட்டியை நான் வாங்கி அடித்தேன். “என்னடி, தேங்கா உடைக்கறீங்களா?” என்று உள்ளேயிருந்து அண்ணி கேட்டார்.

தட்டு கொண்டுவந்தவர்களுக்கு வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை அல்லவா? புடவையை மடித்து அண்ணி மடியில் வைத்தேன். உடைந்த துண்டுகளை எல்லாம் தீபிகா தட்டில் அடுக்கி, மேலே அவருடைய வெற்றிலை பாக்கையே வைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

“என்னடி இது, இரும்பு?”

“அப்பா ஊருக்கு வர்றதுக்கு வெச்சிருந்தது, அத்தை. நீங்களே அனுப்பிடுங்க.”

அண்ணிக்கு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் விஷயம் விளங்கியதுபோல. தெருமுனைவரை அவர் கத்தினது கேட்டது. தீபிகா சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. உங்கள் மகள்தானே.

இந்த வீட்டைக் காலி செய்கிறோம். எங்கே என்று தபால்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பதில் எழுதி ஸ்டாம்பை வீணாக்க வேண்டாம்.

அங்கே பனி ஏப்ரல் வரைக்கும் விடாதாம், தீபிகா கேட்டுவந்து சொன்னாள். காலை நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

தமயந்தி