கயிற்றுக்கு வெளியே ஓட்டிய பந்தயம்

மாரிக்குப்பம், 12 ஜனவரி 1904

பிரியமுள்ள இசபெல்லாவுக்கு, ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? அத்தையின் கால்வீக்கம் வடிந்ததா?

ஆபீஸ் தபால் சைக்கிளிலேயே மூன்று வருடம் தங்கச் சுரங்கக் கம்பெனியின் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தேன் அல்லவா? இந்த வருடம் துரைமார் மட்டுமே ஓட்டலாம் என்று என் பெயரை அடித்துவிட்டார்கள். நான் பந்தயப் பாதையோரம் கட்டிய கயிற்றுக்கு வெளியே, கல்லும் முள்ளுமான ஓரத்தில் ஓட்டப் போய் நின்றேன்.

"இன்னாய்யா, உன் பேருதான் லிஸ்ட்ல இல்லியே?" என்று மேஸ்திரி தடுத்தார்.

"பேரு இல்லாட்டி போவுது, காலு இருக்குதில்ல," என்றேன்.

எல்லாத் துரைகளுக்கும் முன்னால் நான்தான் முடிவுக் கோட்டைத் தாண்டினேன். மறுநாள் மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். தபால் வேலை போய், இப்போது கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறேன். பயப்படாதே. கொஞ்சம் நல்லெண்ணெய் அனுப்பு. முதுகில் தேய்த்துவிடத்தான் ஆளில்லை.

ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிறது. ஊரில் யார் கேட்டாலும், ஜெயித்தது உன் புருஷன்தான் என்று சொல்.

இன்பராஜ்