தலைப்பில் இருக்கும் இரண்டு வார்த்தை

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய், பேட்டியில் பார்த்தபோது கன்னம் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிந்தது, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பும் போயிருக்கிறது. அப்பா போன மாதத்தோடு லிஃப்ட் வேலையை விட்டுவிட்டார், ஏழு மாடி ஏறி மோட்டார் அறைக்குப் போனால் மூச்சு வாங்குகிறதாம், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் போட்டு மூன்று நாள் எங்களைப் புழுக்கத்தில் வேகவைத்தார். தம்பி சலவைக் கடைக்குத் தவறாமல் போய்வருகிறான், படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை, இடது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஓரத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மடிக்கிறான். முதலாளியம்மா அவனை எஞ்சின் என்று கூப்பிடுகிறாளாம், அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

நீ அனுப்பிய நாவல் வந்து சேர்ந்தது. எழுத்தில் குறை சொல்ல எனக்குத் தெரியாது. பதினைந்து வயசுப் பையன் போதைக்காக இருமல் மருந்தில் ஆரம்பித்து மாத்திரையில் வந்து நிற்கிறதை அப்படியே எழுதியிருக்கிறாய், மிட்டாய்க் காகிதத்துக்குள் மாத்திரையை மடித்துச் சட்டைப் பையில் வைப்பது வரைக்கும். பெயர்தான், ‘தூங்கட்டும் விடு’ என்று வைத்திருக்கிறாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கதையில் அந்த அம்மாக்காரி வேலைக்குக் கிளம்பும்போது மகனுடைய அறை வாசலில் நின்று, பாவம் விடிய விடியப் படிச்சான், தூங்கட்டும் விடு என்று சொல்லிவிட்டுப் போகிறாள், அவன் உள்ளே நினைவு தப்பிக் கிடக்கிறான். பேட்டி எடுத்தவர் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு நீ தலையைக் குனிந்துகொண்டு, அது எங்கம்மா சொன்னது, எங்க வீட்டோட மொத்தக் குருட்டுத்தனமும் அந்த ரெண்டு வார்த்தையில இருக்கு என்றாய். குரல்கூடத் தழுதழுத்தது. நன்றாகத்தான் இருந்தது. மறுவாரமே நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்கு டீச்சர் ஒருத்தி வந்தாள், பன்னிரண்டு வருஷமாக என்னிடம் மட்டுமே லென்ஸ் மாற்றுகிறவள், அந்தக் கதையில வர்ற அம்மா நீங்கதானாமே என்று கேட்டு என் கையைத் தட்டிக் கொடுத்தாள், அப்புறம் ஃபிரேமை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த மேஜைப் பெண்ணிடம் நீட்டினாள். பெற்ற பிள்ளையையே பார்க்கத் தெரியாதவளிடம் கண்ணை நம்பிக் கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்தக் காலையை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு அன்றைக்கு நுழைவுத் தேர்வு, நீ தலை சீவிக்கொண்டிருந்தாய், நான் டீயை எடுத்துக்கொண்டு அவனை எழுப்பப் போனேன். நீ சீப்பும் கையுமாக ஓடிவந்து கதவை மறித்துக்கொண்டு, தூங்கட்டும் விடும்மா, விடிய விடியப் படிச்சான் என்றாய். நான் டீயை உன் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் அப்பா வந்து பார்த்தபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்க்காதது என் தப்பு, அதை நீ எழுதியிருந்தால் தலை குனிந்திருப்பேன். ஆனால் அந்த வார்த்தை உன்னுடையது என்று இந்த ஒன்பது வருஷமாக நான் யாரிடமும், அப்பாவிடம்கூட, மூச்சு விட்டதில்லை. தம்பி மேல் இருந்த பாசத்தில் தெரியாமல் சொன்ன குழந்தை, அந்தப் பாரத்தை ஆயுசுக்கும் சுமக்க வேண்டாம் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

பேட்டியை நாங்கள் மூவரும் அப்பாவின் போனில்தான் பார்த்தோம். அப்பா எழுந்து குளிக்கப் போய்விட்டார். தம்பி சிரித்தான், அவன் சிரிப்பு இப்போது ஒரு பக்கமாகத்தான் வரும், அது அக்கா சொன்னதும்மா என்றான். நீதான் நினைவில்லாமல் கிடந்தாயே உனக்கு எப்படித் தெரியும் என்றேன். காது கேட்டுச்சு, கண்ணத் தொறக்கத்தான் முடியல என்றான். மீதியையும் சொன்னான். அவனுக்கு ஒரு வரி பேசி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும், நான் காத்திருந்து கேட்டேன். நான் வருவதற்கு முன்னாலேயே நீ உள்ளே போயிருக்கிறாய், அவன் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாய், டேய் எந்திரிடா, இன்னிக்குன்னு பாத்தா இப்படிப் பண்ணுவ என்று அழுதிருக்கிறாய், தரையில் கிடந்த மாத்திரை அட்டையைப் பொறுக்கி உன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்திருக்கிறாய். அந்த ஜிப் சத்தம் வரைக்கும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டான், அட்டை கிட்டை ஏதாவது கிடந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், அப்பா வீட்டுக்கு ஓடிவந்து மெத்தையைக் கிழித்துப் பார்த்தார். அட்டை உன்னோடு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது.

பதினேழு வயசு, பயம், வீட்டில் ரகளை ஆனால் பரீட்சை போய்விடும், எல்லாம் எனக்குப் புரிகிறது. அந்தப் பரீட்சையில்தான் உனக்கு அந்தப் படிப்பும் ஊரும் கிடைத்தது, இந்த நாவலும்கூட. அதற்காக நான் கேட்கவில்லை. நீ சொன்னதை எடுத்து என் வாயில் வைத்துவிட்டு ஊர் பார்க்க அழுதாயே, அதற்குத்தான் கேட்கிறேன்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று தம்பி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். அக்கா தாங்க மாட்டாம்மா, அவளாவது நல்லா இருக்கட்டும் என்றான். எல்லாம் தெரிந்திருந்தும், நீ கூப்பிடும்போதெல்லாம் எப்படிக்கா இருக்க, சாப்ட்டியா என்று கேட்டவன் அவன். அவனுக்குப் பெரிய மனசு, எனக்கு அது இல்லை, அதனால் எழுதிவிட்டேன்.

எல்லாச் சிறப்பும் உனக்கு வரட்டும், இன்னும் நிறைய எழுது, நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இரு. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் பண்ண மறக்காதே, பகல் பன்னிரண்டிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். உன் குரலை வைத்து ஏதாவது சந்தேகப்பட்டுக் கேட்டால், அம்மா ஒன்றும் எழுதவில்லையே என்று சொல்லிவிடு. அதை எப்படிச் சொல்வது என்று நான் உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்