கொப்பி இல்லாத நேர்சரி

ஜூன் 8, திங்கள்
கச்சான் காற்று. அபாயா முழுக்க மணல். சபீனாவின் நேர்சரிக்குப் போனேன். மூன்று மாதமாக அவளுக்கு உதவி, ஆசிரியைகளைப் பழக்குவதுதானே என் வேலை. அவளுக்கு வயது இருபத்து மூன்று, நேர்சரியில் பதினாறு பிள்ளைகள். எழுத்துக் கொப்பியில் எழுத வைப்பதை நிறுத்து, கதை வாசி, பாட்டுச் சொல், எழுத்து முதலில் கண்ணுக்குப் பழகட்டும் என்று சொன்னவள் நான்தான். போன கிழமை கொடுத்த கதைப் புத்தகங்கள் எங்கே? அலுமாரியில். பொலித்தீன் உறை போட்டு, பூட்டி.

"கிழிஞ்சா ஏசுவீங்க எண்டு பயம், மிஸ்."

பூட்டியதற்கு ஏசினேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

உம்மாவுக்குப் பிரஷர் குளிசை வாங்க வேண்டும். மறக்கக் கூடாது.

ஜூன் 9, செவ்வாய்
சபீனா அழுதாள். நேர்சரிப் பிள்ளை ரிஸ்னாவின் உம்மா அவள் வீட்டுக்கே போய்க் கதைத்திருக்கிறார். "நாலரை வயசு, ஆனா எழுதத் தெரியா. பக்கத்து நேர்சரியில ரெண்டு கொப்பி முடிஞ்சி." வியாழன் பெற்றோர் கூட்டம். ஏழு பேர் பிள்ளைகளை நேர்சரியை விட்டு எடுக்கப் போகிறார்களாம். எடுத்தால் நேர்சரி மூடல்தான். யோசனை என்னுடையது, வேலை போவது அவளுக்கு.

"வியாழன் வரைக்கும் கொப்பி குடுப்பமா, மிஸ்?"

ஓம் என்று வாய்வரை வந்தது. உன் விருப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை.

ஜூன் 10, புதன்
கொப்பி கொடுக்கவில்லை அவள். புத்தகங்கள் எல்லாம் பாயில். ஒன்றுக்கு அட்டை போயே போய்விட்டது. ரிஸ்னா: "திருப்பாதீங்க டீச்சர், மீன்ட வால் இன்னும் பாக்கல்ல." இந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனால் எனக்குத் தாங்காது.

ஜூன் 11, வியாழன்
பஸ் பிந்தியது. நான் போகும்போது கூட்டம் தொடங்கியிருந்தது. வாசலில் செருப்புக் குவியல் இல்லை, சுவரோரம் வரிசை. ஒவ்வொரு சோடிக்கும் மேலே ஒரு பிள்ளையின் பெயர் மட்டை. படம் இல்லை, பெயர் மட்டும். வரவு எடுக்கத் தினமும் காட்டுகிற மட்டைகளாம். உங்கள் உம்மாவின் செருப்பை உங்கள் பெயருக்குக் கீழே வையுங்கள் என்று சபீனா பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, கள்ளி.

ரிஸ்னாவின் உம்மா கொட்டித் தீர்த்தார். சபீனா வாதாடவில்லை. "ஒருக்கா வெளிய வந்து பாருங்க, ராத்தா."

"என்ட செருப்ப ஆரு இங்க வெச்ச?"

"நான்தான் உம்மா. இது என்ட பேர். அது இஹ்ஸான்ட." அடுத்தடுத்த மட்டைகளையும் வாசித்துக் காட்டிக்கொண்டே போனாள் ரிஸ்னா. இரண்டு சோடி மாறியிருந்தது. அதையும் அவளே மாற்றி வைத்தாள்.

கடைசியில் இரண்டு பேர்தான் பிள்ளைகளை எடுத்தார்கள். பதினான்கு மிச்சம். மூடல் இல்லை.

ரிஸ்னாவின் உம்மா செருப்பைப் போடாமல் நின்றார். பிறகு மெதுவாக:

"டீச்சர், என்ட பேரையும் ஒரு மட்டையில எழுதித் தாங்க. மகள் வாசிக்கட்டும்."