இருசம்மாள் வாங்கிய லோன்

தோணிரேவு,
12-8-1983

அன்பு மகள் வசந்தாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். ஆஸ்டல் சாப்பாட்டில் நீ இளைக்காமல் இருந்தால் போதும்.

முதலில் என் மானம் போன கதை. வலை வாங்க லோன் கேட்டு, ஆறாவது படித்த திமிரில் நானே மனு எழுதிக்கொண்டு பொன்னேரி பேங்குக்குப் போனேன். லோன் வராவிட்டால் உன் இரண்டாம் வருஷப் பணத்துக்கு இறால் ஏஜெண்டிடம்தான் முன்பணம் கேட்க வேண்டும். அப்புறம் அவன் வைத்ததே விலை.

வாரத்தில் எத்தனை நாள் வேலை என்று மேனேஜர் கேட்டார். ஏரியில் பாடு முறை சார், அவரவர் முறை வருகிற நாளில்தான் வலை போடலாம், எனக்கு மூன்று நாளைக்கு ஒரு நாள் என்றேன். மற்ற நாளில்? என்றார். உள்ளதைச் சொல்வோமே என்று, தூங்குவேன் என்றேன். குமாஸ்தாக்கள் எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வாராவாரம் தவணை கட்ட வேண்டுமே என்று மேனேஜர் மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்.

இறால் விற்றுவிட்டு வந்த உன் அம்மா, காலிக் கூடையோடு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "இவரு தூங்கற நாள்ல நானும் தூங்கறனா சார்? ஏரியில தினமும் யாருக்காவது பாடு இருக்குது. அவங்க இறாலை வாங்கி நான் தினமும்தான் விக்கிறேன்"னு சொன்னாள்.

மேனேஜர் வேறு பாரம் எடுத்தார். உன் அம்மா, அவளோடு கூடை சுமக்கும் செசிலியா என்று ஐந்து பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீன். நேற்று பணம் வந்தது, ஐஸ் பெட்டி வாங்கியாயிற்று. ஏஜெண்ட் வீட்டு வாசலை இனி மிதிக்க வேண்டாம். பாரத்தில் இருசம்மாள் என்று உன் அம்மா பெயர், உதவியாள் என்ற இடத்தில் என் பெயர். சம்பளம் போடவில்லை.

உன் படிப்புக்குக் குறை வராது. கவலையில்லாமல் படி, நன்றாக இரு.

ஒன்று மட்டும். உதவியாள் இல்லையா, இன்று காலை இறால் கூடையை நான் சுமந்தேன். பஸ் நிற்கிற இடத்துக்குள் மூன்று தரம் இறக்கி வைத்தேன். "இன்னாய்யா, அதுக்குள்ளயா"னு அவள் சிரித்தாள். "இருபது வருஷத்தில் ஒரு நாளாவது கழுத்து வலிக்குதான்னு உன்னைக் கேட்டிருக்கணும்" என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

பஸ் வருது என்றேன்.

உன் நைனா,
தருமன்