மாலுமியின் பல்

சிரஞ்சீவி ப்ரஹ்லாதுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் உன் அப்பாவும் சௌக்கியம். ராட்டர்டாமில் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். மாலுமி விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய், கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. எதிர்வீட்டு ரகுநந்தன் அங்கே புறப்படுகிறான், புளிக்காய்ச்சலோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதறாமல் முழுக்கப் படி.

நீ காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது தூக்கி வந்த நாய்க்குட்டி மாலுமிக்கு இப்போது முகமெல்லாம் நரைத்துவிட்டது. வாயைத் திறந்தால் நாற்றம் தாங்கவில்லை, கூடத்துப் பக்கமே வரக் கூடாது என்று நான் தினமும் சண்டை. டாக்டர் துளசிராமன் மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். வயதான நாய், மயங்கினால் எழுந்திருக்காது என்று நீ ஒரே பிடிவாதம். மயக்கமில்லாமலே செய்கிறார்கள் என்று கும்மிடிப்பூண்டியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் ஒரு கடையை நீயே தேடிக் கொடுத்தாய், போனோம். ஷைனி என்று ஒரு பெண், மாலுமியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொஞ்சிக் கொஞ்சியே சுரண்டினாள். பல் பச்சரிசி மாதிரி ஆகிவிட்டது. அந்தப் போட்டோவைத்தான் நீ ஆபீஸ் முழுக்கக் காட்டினாய். அவள்மேல் குறையில்லை, "மேல இருக்கிறதத்தாம்மா நான் எடுப்பேன், உள்ள இன்னா கீதுன்னு டாக்டராண்ட காட்டிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். நமக்குத்தான் வெள்ளையைப் பார்த்ததும் காது அடைத்துவிட்டது.

மறுவாரம் அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. உன் அப்பா கோயில் மடப்பள்ளியிலிருந்து கொண்டுவருகிற சர்க்கரைப் பொங்கல் உருண்டைக்காக வாசலிலேயே தவம் கிடப்பவன், மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்பாவும் அன்று சாப்பிடவில்லை. நான் போய்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து, இது மாதிரி அவன் நோயும் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பல்லுக்கு வெல்லமா என்று சிரிக்காதே, எனக்கு வேறென்ன தெரியும். பிறகு துளசிராமனிடமே தூக்கிக்கொண்டு போனோம். அவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறது, அஸ்திவாரத்தில் ஈரம் என்றார். ஈறுக்கு அடியில் சீழ். எத்தனை நாளாகவோ ஒரு பக்கமாகவே மென்றுகொண்டு, வலியைக் காட்டாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறான். என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று கேட்டார். உன் அப்பா பெருமையாக, பெருமாள் அமுது செய்த பொங்கல், தினமும் என்றார். டாக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெருமாளுக்குச் சரி சுவாமி, இவனுக்கு வேண்டாம் என்றார். அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே நீ.

ரத்தம் பரிசோதித்து, இருதயம் தாங்கும் என்று தெரிந்தபின், மயக்கம் கொடுக்கலாமா என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் சரி என்று நான்தான் சொன்னேன். கோபப்படுவதென்றால் என்மேலேயே படு. நாக்கைத் தொங்கவிட்டு அவன் அசையாமல் கிடந்தபோது, உனக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். கெட்ட பற்களைப் பிடுங்கி, ஈறுக்குள்ளே சுத்தம் செய்து, தையல் போட்டுக் கொண்டுவந்தார்கள். கண் திறந்தும் எங்களை அடையாளம் தெரியவில்லை. அப்பா நெய் வாசனை அடிக்கிற தன் கையை மூக்கருகே கொண்டுபோனார். வால் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அப்பா அங்கேயே அழுதுவிட்டார், நானும்தான்.

இப்போது தட்டைக் காலி செய்கிறான். டாக்டர் சொன்ன தீனிதான், அதில் என்ன கலந்திருக்கிறது என்று நான் படிக்கவில்லை, நீயும் சொல்லாதே. தினமும் நான்தான் பல் தேய்த்துவிடுகிறேன். கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்திருக்கிறான், நான் ஒன்றும் சொல்வதில்லை.

உனக்கும் கடைவாய்ப் பல் வலி என்று தீபாவளியிலிருந்து சொல்கிறாய். சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் ஓடுகிறவன் நீ. வீடியோவில் பல்லெல்லாம் தெரிய நீ சிரிக்கும்போது எனக்கு இப்போது மாலுமியின் அந்தப் போட்டோதான் ஞாபகம் வருகிறது. நீயும் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாயா, கோந்தே? பல்லோ வேறெதுவோ, வலித்தால் வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்.

தீர்க்காயுசாக, நிறைந்த மனசோடு இரு. பல் டாக்டரிடம் போய்வந்த பிறகுதான் புளிக்காய்ச்சல் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹேமாம்புஜம்
திருவள்ளூர்