ரேம் இடுக்கில் உமி

லின்சி,

மீன் குழம்பு அடுப்பில் மூடியிருக்கிறது. பூனைக்கு முந்தி நீ சாப்பிடு.

"உங்க லினக்ஸ் என் ஆய்வேட்டைத் தின்னுடும்ப்பா" என்று சொல்லிவிட்டு ரெண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. கம்ப்யூட்டர் நின்றுபோனால் உடனே நான் ஏற்றிய லினக்ஸ் தலையில் பழியைப் போடுவதா? காலையிலிருந்து ரேம் சோதனை ஓட்டினேன். சிவப்பாக வந்த பிழைகளை எண்ணினால் நம் வயலில் அத்தனை நாற்று இருக்காது. அதே ரேமை மதர்போர்டில் பக்கத்து இடுக்கில் செருகினேன், ஒரு பிழையுமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய இடுக்குக்குள் உமி. நோண்டி எடுத்ததில் அரைப்படி தேறியது. அதைத் தின்ற கோழி பாதிக் கொக்கரிப்பில் உறைந்து நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

அந்த இடுக்கில் கம்பி வளைந்துவிட்டது, எதையும் செருகாதே. ஒற்றை ரேமில் ஓடுவதால் இணையத்தில் ஒரே நேரத்தில் இருபது பக்கம் திறக்காதே. ஆய்வேடு முழுசாக இருக்கிறது, பென் டிரைவிலும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை தாராளமாக அனுப்பலாம்.

பழைய மதர்போர்டு கிடைக்குமா என்று கேட்க நாகூரில் ஆல்பின் கடைக்குப் போகிறேன். பொழுது சாயும் முன் வந்துவிடுவேன்.

அப்பா

பி.கு.: போன மழையில் கூரை ஒழுகி நனைந்த கம்ப்யூட்டர் பெட்டியை நெல் மூட்டைக்குள் புதைத்தது நான்தான். நனைந்த போனை அரிசியில் போடுகிறார்களே, இவ்வளவு பெரிய பெட்டிக்கு நெல்தான் கட்டுப்படியாகும் என்று நினைத்தேன். அம்மாவிடம் மூச்சு விடாதே.

இன்னும் ரெண்டு நாள் நீ பேசாமல் இருந்தாலும் நியாயம்தான். குழம்பில் உப்பு சரியா என்று மட்டும் சொல்லிவிடு.